செவுளில் ஒட்டியிருப்பதெல்லாம் ஒரே புழு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவியல் பக்கத்தில் மீன் செவுளில் வாழும் தட்டைப்புழுக்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் புழுக்களுக்கு ஒரு நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்குவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தி என்னைக் கொஞ்சம் உசுப்பிவிட்டது. விஞ்ஞானிகள் இவற்றின் பெயரையும் வகுப்பையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், மீன் வளர்ப்பவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, செவுளில் இருந்தால் அது செவுள் புழு, அவ்வளவுதான் என்கிற தொனியில் முடித்திருந்தீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. மற்ற உயிரினங்களில் எப்படியோ தெரியாது, இந்தப் புழுக்கள் விஷயத்தில் எந்தக் குழு என்று தெரிந்துவிட்டால் அது எதைத் தின்கிறது, எப்படிப் பெருகுகிறது, மருந்து போட்ட பிறகு திரும்பி வருமா என்பதில் பாதி தெரிந்த மாதிரிதான்.

முதலில், பெயர் ஏன் மாறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் இவை எல்லாவற்றையும் 'மோனோஜீனியா' என்ற ஒரே வகுப்பில் போட்டிருந்தீர்கள். கல்லூரிப் பாடப்புத்தகங்களிலும் இன்றைக்கு வரை அப்படித்தான் இருக்கிறது, அதனால் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் இவற்றை ஈரல் புழு இருக்கிற டிரெமட்டோடா கூட்டத்திலேயே சேர்த்து வைத்திருந்தார்கள், இரண்டும் தட்டையாக இருக்கின்றன, இரண்டுக்கும் உறிஞ்சிகள் இருக்கின்றன என்பதுதான் காரணம். 1858-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் பெனடன் ஒரு முக்கியமான வித்தியாசத்தை எடுத்துக் காட்டினார். ஈரல் புழுவும் அதன் சொந்தக்காரர்களும் நத்தை, பிறகு வேறொரு விலங்கு என்று உடல் மாறி உடல் போய்த்தான் வளர்கின்றன. செவுள் புழுவுக்கு அந்த அலைச்சல் எதுவும் இல்லை, ஒரே மீனில் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் முடிந்துவிடும், குஞ்சு அடுத்த மீனைத் தேடி நேராக நீந்திப் போகும். அப்படிப் பிரித்த பிறகும் நெடுங்காலம் இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் இருப்பதுபோல டிரெமட்டோடாவுக்குள்ளேயே இருந்தன.

அங்கிருந்து இவற்றை வெளியே எடுத்தவர் சோவியத் விலங்கியலாளர் பைகோவ்ஸ்கி. 1937-இல் இவற்றைத் தனி வகுப்பாக ஆக்க வேண்டும் என்றார், 1957-இல் பெரிய நூலாகவே எழுதினார். அவர் வளர்ந்த புழுவை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, குஞ்சின் பின்பக்கத்தில் இருக்கும் குட்டிக் கொக்கிகளை எண்ணினார். அந்தக் கொக்கிகள் ஈரல் புழுவின் குஞ்சுகளில் கிடையாது, நாடாப்புழுவின் குஞ்சுகளில் உண்டு. அதனால் செவுள் புழுவுக்கு நெருங்கிய உறவு நாடாப்புழுதான் என்று வாதாடினார். உறவு முறை பற்றி அவர் சொன்னதில் இன்றும் சர்ச்சை இருக்கிறது, ஆனால் கொக்கியை எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது, இன்றும் எந்த ஆய்வகத்தில் செவுள் புழுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்தாலும் முதலில் பார்ப்பது கொக்கியைத்தான்.

இதற்கு நடுவே 1912-இல் ஸ்வீடனின் ஒட்னர் இந்தக் கூட்டத்தையே இரண்டாகப் பிரித்திருந்தார். மோனோபிஸ்தோகோட்டிலியா என்று ஒன்று, பாலியோபிஸ்தோகோட்டிலியா என்று இன்னொன்று. பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தாலே புரியும். இரண்டுக்கும் உடலின் பின்முனையில் ஒரு பிடிப்பு உறுப்பு இருக்கிறது, ஹாப்டர் என்பார்கள், அதை வைத்துத்தான் மீனைப் பற்றிக்கொள்ளும். முதல் குழுவில் அது ஒரே தட்டு, தட்டின் நடுவே ஒரு ஜோடியோ இரண்டு ஜோடியோ பெரிய கொக்கிகள், ஓரத்தில் சின்னஞ்சிறு கொக்கிகள். இரண்டாவது குழுவில் அந்தத் தட்டில் பல உறிஞ்சிகளோ கவ்விகளோ வரிசையாக இருக்கும். துணி காயப்போடும் கிளிப் எப்படி விளிம்பைப் பிடிக்குமோ அப்படி ஒவ்வொரு கவ்வியும் செவுள் இழையின் மெல்லிய மடிப்பைப் பிடித்துக்கொள்ளும்.

பிடிக்கும் விதம் வேறு என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. கொக்கிக் குழுவினர் பெரும்பாலும் சளியையும் மேல்தோல் செல்களையும் சுரண்டித் தின்பவர்கள். கவ்விக் குழுவினர் இரத்தம் குடிப்பவர்கள். இதைத் தெரிந்துகொள்ள மரபணு ஆய்வு எல்லாம் தேவையே இல்லை. செவுள் வளைவு ஒன்றை வெட்டி எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் போதும். கவ்விப் புழுவின் உடல் முழுக்கக் கிளைவிட்டுப் பரவியிருக்கும் குடல், இரத்தத்தைச் செரித்து மிஞ்சிய கழிவினால் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். கொக்கிக் குழுப் புழுவில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது, கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி இருக்கும், அதனால்தான் பலர் அதைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். அது நெளிந்து, நீண்டு, தலையால் ஒரு இடத்தைத் தொட்டு, மறுபடி சுருங்கும்போதுதான் அங்கே ஒரு உயிர் இருப்பதே தெரியும்.

கவ்விக் குழுவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிலவற்றில் உடலே கோணலாக இருக்கும், ஒரு பக்கம் மட்டும் கவ்விகள் வரிசையாக இருக்கும், மறுபக்கம் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. மீனின் இடப்பக்கச் செவுளில் இருக்கும் புழு ஒரு மாதிரி, வலப்பக்கச் செவுளில் இருப்பது அதன் கண்ணாடிப் பிம்பம் மாதிரி. செவுள் வழியாகத் தண்ணீர் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க எந்தப் பக்கம் பிடிக்க வேண்டுமோ அந்தப் பக்கம் கவ்விகள் வளர்கின்றன. பிரிட்டனின் லெவெலின் 1956-இல் இதை விரிவாக எழுதினார். புழு எந்தச் செவுளில், எந்த இழையில், தலையை எந்தப் பக்கம் வைத்து இருக்கிறது என்று குறித்துவைக்கிற வழக்கம் அவரைப் போன்றவர்களால்தான் வந்தது. உங்கள் கட்டுரையில் 'செவுளில் காணப்படும்' என்று ஒரே வார்த்தையில் போயிருந்ததே, அதற்குள் இவ்வளவு இருக்கிறது.

சரி, வகுப்புக்கு வருகிறேன். ஒட்னர் பிரித்த இரண்டு குழுக்களும் ஒரே முன்னோரிலிருந்து வந்தவைதானா என்ற சந்தேகம் ரொம்ப நாளாகவே இருந்தது. விந்தணுவின் நுண்ணமைப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைக்கிற பொதுவான தனி அடையாளம் ஒன்றுகூட அதில் இல்லை என்றார்கள். 1990-களில் ரைபோசோம் மரபணுக்களை ஒப்பிட்டபோதும் இரண்டும் ஒரே கிளையில் வந்து உட்கார மறுத்தன. கடைசியாக 2023-இல் பிரபெட்ஸ் குழுவினர் ஒன்றிரண்டு மரபணுவோடு நிற்காமல் பெரிய அளவில் மரபணுத் தகவல்களை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே குடும்பக் கிளை இல்லை என்று காட்டி, தனித்தனி வகுப்புகளாக உயர்த்தினார்கள்: மோனோபிஸ்தோகோட்டிலா, பாலியோபிஸ்தோகோட்டிலா. பழைய மோனோஜீனியா என்ற சொல்லைப் பேச்சு வசதிக்கு இன்னும் எல்லாரும் பயன்படுத்துகிறோம், நானும் பயன்படுத்துவேன், ஆனால் அது இப்போது ஒரு வாழ்க்கை முறையின் பெயர், ஒரு வம்சத்தின் பெயர் இல்லை. ஆக, 165 வருடம் ஆனாலும் இது யாரோ பொழுதுபோகாமல் பெயரை மாற்றிய கதை இல்லை. ஒவ்வொரு முறையும் முன்பு பார்க்காத ஒன்றைப் பார்த்ததால் மாற்றினார்கள்.

மீன் வளர்ப்பவருக்கு இதனால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பானில் கடற்கூண்டுகளில் வளர்க்கும் புலிப் பேத்தை மீனைத் தாக்குவது ஹெட்டரோபோத்ரியம் ஒகமோட்டோய் என்ற கவ்விப் புழு. இரத்தம் குடிக்கிற குழு என்பதால் மீனுக்கு வருவது இரத்தசோகை, செவுள் வெளிறிப்போகும். இதன் முட்டைகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சரமாக வெளியே வரும், அந்தச் சரம் கூண்டின் வலையில் சிக்கிக்கொள்ளும், அங்கேயே பொரித்து அதே மீன்களைத் திரும்பப் பிடிக்கும். அதனால் மீனுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாது, வலையையும் மாற்ற வேண்டும். செவுளில் ஏதோ புழு என்ற அளவோடு நின்றிருந்தால் வலைப்பக்கம் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா?

கொக்கிக் குழுவுக்குள் வந்தால் இன்னும் வேடிக்கை. மீன் தொட்டி வைத்திருப்பவர் முதல் பண்ணைக்காரர் வரை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கும் இரண்டு பேரினங்கள் டாக்டைலோகைரஸ், கைரோடாக்டைலஸ். பெயரே ஒன்றைப் பிரட்டிப் போட்டதுபோல இருப்பதால் குழப்பம் தீர்ந்தபாடில்லை, உங்கள் கட்டுரையிலும் ஒரு பத்தியில் இரண்டும் இடம் மாறியிருந்தன. இரண்டும் ஒரே வகுப்பு, அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. ஆனால் நுண்ணோக்கியில் பிரித்துச் சொல்ல அரை நிமிடம் போதும். தலைப்பக்கம் நான்கு கரும்புள்ளிகள் தெரிந்தால் டாக்டைலோகைரஸ், அவை கண்புள்ளிகள். கண்புள்ளியே இல்லாமல், தலை இரண்டு மடலாகப் பிரிந்து, வயிற்றுக்குள் இன்னொரு புழு மடங்கிக் கிடந்து, அந்தக் குட்டியின் கொக்கிகள்கூடத் தெரிந்தால் அது கைரோடாக்டைலஸ். ஓரக் கொக்கிகளை எண்ணும் பொறுமை உள்ளவர்களுக்கு முன்னதில் 14, பின்னதில் 16.

வயிற்றுக்குள் கிடக்கும் அந்தக் குட்டி சாதாரண விஷயம் இல்லை. அதன் வயிற்றுக்குள்ளும் அடுத்த தலைமுறை உருவாக ஆரம்பித்திருக்கும். பிறக்கும்போதே கர்ப்பமாகப் பிறக்கிற பிராணி என்றே சொல்லலாம். முதல் குட்டி ஆணின் தயவு இல்லாமல் உருவாகிறது, ஆண் உறுப்பே முதல் பிரசவத்துக்குப் பிறகுதான் வளர்கிறது. ஆக ஒரே ஒரு புழு ஒரு மீனுக்கு வந்து சேர்ந்தால் போதும், கூட்டம் பெருகிவிடும். டாக்டைலோகைரஸ் அப்படி இல்லை, முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு உடல்மேல் மயிரிழைகள் இருக்கும், அதை வைத்து நீந்தி, குறுகிய நேரத்துக்குள் சரியான மீனைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை முடிந்தது.

கட்டுரையில் சொன்ன வைத்தியம் இங்கேதான் இடிக்கிறது. 'ஒருமுறை குளியல் மருந்து கொடுத்தால் செவுள் புழு போய்விடும்' என்று எழுதியிருந்தீர்கள். கைரோடாக்டைலஸ் என்றால், மருந்து எல்லாப் புழுவையும் கொன்றிருந்தால், சரி, வேலை முடிந்தது, ஏனென்றால் ஒளிந்திருக்க முட்டை என்று ஒன்று கிடையாது. டாக்டைலோகைரஸ் என்றால், வளர்ந்த புழுக்கள் செத்தாலும் ஓடு மூடிய முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்துச் சில நாட்களிலோ இன்னும் தாமதமாகவோ அவை பொரிக்கும், அப்போது மறுபடி மருந்து கொடுத்தாக வேண்டும், அதுவும் புதுப் புழுக்கள் முட்டையிட ஆரம்பிக்கும் முன்பே. முதல் தடவை கொடுத்துவிட்டு, மீன் நன்றாக நீந்துகிறதே என்று விட்டுவிட்டு, பிறகு மருந்து சரியில்லை என்று மருந்துக்காரரைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தில் குறை இல்லை, புழுவின் பேரினத்தைப் பார்க்காததுதான் குறை.

அப்புறம் சிற்றினம். டாக்டைலோகைரஸில் மட்டும் 900-க்கு மேல் சிற்றினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் கெண்டைக் குடும்ப மீன்களில், அதிலும் பல ஒரே ஒரு மீன் இனத்தை விட்டு வேறெங்கும் போகாது. உடல் மென்மையானது, சுருங்கும் நீளும், அதனால் உடல் அளவை நம்பி எதுவும் சொல்ல முடியாது. மாறாமல் நிற்பவை கடினமான உறுப்புகள்: கொக்கிகள், அவற்றை இணைக்கும் சட்டங்கள், ஆண் இனப்பெருக்க உறுப்பின் குழாயும் அதன் துணைத் துண்டும். புழுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அம்மோனியம் பிக்ரேட் கலந்த கிளிசரினில் ஊறவிட்டு, மூடுகண்ணாடியால் அழுத்தினால் உடல் பளிச்சென்று தெளிந்து கொக்கிகள் மட்டும் துல்லியமாகத் தெரியும். அதைப் படம் வரைந்து மைக்ரோமீட்டரில் அளப்பதுதான் இந்தத் துறையின் அன்றாட வேலை. இப்போது சிலர் பின்முனையை வெட்டித் தகட்டுக்கும் மீதி உடலை டி.என்.ஏ. எடுக்கவும் வைத்துக்கொள்கிறார்கள், அதனால் ஒரே புழுவுக்கு உருவமும் மரபணுவும் இரண்டும் கிடைக்கின்றன.

இது வீண் வேலை என்று நினைப்பவர்கள் சாதாக் கெண்டையைப் பார்க்கட்டும். அதே செவுளில் டாக்டைலோகைரஸ் வாஸ்டேட்டரும் இருக்கும், டாக்டைலோகைரஸ் எக்ஸ்டென்சஸும் இருக்கும். முன்னது வெதுவெதுப்பான தண்ணீரில் கொழிக்கும், செவுள் இழைகளின் நுனியைச் சிதைத்து, அங்கே திசு தாறுமாறாக வளர்ந்து மூச்சு முட்டிக் குஞ்சு மீன்கள் கும்பலாகச் சாகும். பின்னது குளிர்ந்த தண்ணீருக்கே தோதானது. எந்தப் பருவத்தில் கவலைப்பட வேண்டும் என்பது எந்தச் சிற்றினம் என்பதைப் பொறுத்தது, அதைச் சொல்வது கொக்கியின் வடிவம்.

வகைப்பாடு சட்டப் பிரச்சினையாகவே ஆன ஓர் உதாரணமும் உண்டு. கைரோடாக்டைலஸ் சாலரிஸ் பெரும்பாலும் மீனின் தோலிலும் துடுப்பிலும் வாழ்வது, செவுளிலும் கிடைக்கும். 1957-இல் ஸ்வீடனில் மால்ம்பெர்க் இதை விவரித்தார். பால்டிக் கடல்பக்கத்துச் சால்மன் இதைத் தாங்கிக்கொள்ளும். 1975-இல் நார்வேயில் தென்பட்டபோதுதான் வினை ஆரம்பித்தது, அங்கிருந்த அட்லாண்டிக் சால்மனால் தாங்க முடியவில்லை, ஏறத்தாழ 50 ஆறுகளில் குஞ்சுகள் அழிந்தன. நார்வே எடுத்த முடிவு கடுமையானது: ஆற்றில் ரோட்டினோன் கலந்து எல்லா மீன்களையும் கொன்றுவிட்டு, பாதுகாத்து வைத்த இருப்பிலிருந்து மீண்டும் சால்மனை விடுவது. கொடூரமாகத் தெரிந்தாலும் அது செல்லுபடியானதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். இந்தப் பேரினத்துக்கு முட்டை இல்லை, நத்தை மாதிரி இடைத் தங்கல் இல்லை, மீன் இல்லாமல் வெகுநாள் பிழைக்கவும் முடியாது. முட்டையிடுகிற புழுவாக இருந்திருந்தால் அந்த வைத்தியத்துக்கு இவ்வளவு துணிந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இப்போது சிக்கல் என்னவென்றால் கிரேலிங் என்ற மீனில் கைரோடாக்டைலஸ் தைமல்லி என்று இன்னொரு புழு இருக்கிறது. கொக்கிகளில் வித்தியாசம் மிக நுட்பம், சிற்றினங்களைப் பிரிக்க வழக்கமாகப் பார்க்கும் மரபணுப் பகுதியிலோ இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டும் ஒரே சிற்றினம் என்று ஒரு சாரார், இல்லை, நடத்தையும் தங்கும் மீனும் வேறு என்று இன்னொரு சாரார். இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. பிரிட்டன் சாலரிஸ் இல்லாத நாடு என்ற தகுதியோடு இருக்கிறது, அங்கே கிரேலிங்கில் தைமல்லி உண்டு. இரண்டும் ஒன்று என்று தீர்ப்பாகிவிட்டால் அந்தத் தகுதி என்னாவது, மீன் ஏற்றுமதி இறக்குமதி விதிகள் என்னாவது? ஓரக் கொக்கியின் வளைவைப் பற்றிய விவாதம் அமைச்சகத்தின் மேசை வரை போகிற இடம் இது.

கடைசியாக ஒன்று, கட்டுரையோடு போட்டிருந்த படம். மீனின் உடலிலிருந்து ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருப்பதுபோல, நுனியில் இரண்டு பைகள் தொங்குவதுபோல இருந்ததே, அது தட்டைப்புழுவே இல்லை. லெர்னியா, நங்கூரப் புழு என்று பேச்சில் சொல்வார்கள், ஆனால் இறால், நண்டு வகையைச் சேர்ந்த கணுக்காலி. தொங்குகிற இரண்டும் அதன் முட்டைப் பைகள், எந்தத் தட்டைப்புழுவுக்கும் அப்படி இருக்காது. படத்தை மாற்றுவதாக இருந்தால் டிப்ளோசூன் படம் ஒன்றைப் போடுங்கள். அதுவும் செவுளில் வாழும் கவ்விக் குழுப் புழு, நார்ட்மன் 1832-இல் விவரித்தது. இளம் புழு இரண்டு சந்தித்ததும் ஒன்றின் முதுகில் இருக்கும் முளையை இன்னொன்று தன் உறிஞ்சியால் பற்றிக்கொள்ளும், பதிலுக்கு அதுவும் பற்றும், பிறகு இரண்டும் உடலோடு உடலாகவே ஒட்டி வளர்ந்துவிடும், சாகும்வரை பிரிவதில்லை. இணை கிடைக்காத புழு முதிர்ச்சியடையாமலே போய்விடும். எக்ஸ் வடிவில் இருக்கும், அச்சில் நன்றாகவே தெரியும், படத்தின் கீழே வகுப்பு பாலியோபிஸ்தோகோட்டிலா என்று எழுதினால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
செவுள் புழுக்களைப் பார்த்துப் பழகிய ஒரு வாசகர்